மேய்ப்பு நாயை வீட்டில் வளர்க்கலாமா? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு பார்டர் கோலி இருக்கிறாள். பெயர் சிட்டு, வயது ஏழு. காலை ஐந்தரை மணிக்கு அவளை மடிப்பாக்கம் தெருக்களில் நடத்திக்கொண்டு போகும்போது யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, "இது என்ன ஜாதி சார்?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் லிஃப்டில் ஒருவர், கல்யாண வீட்டில் ஒருவர், இரவில் வாட்ஸ்அப்பில் ஒருவர். ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, நாய் வளர்ப்பவன். மருந்து விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மேய்ப்பு நாய்னா ஆடு மேய்க்கிற நாய்தானே? நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறையும் அதுல வருமா?"

வராது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கீதாரிகள் (ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள்) கிடை போடும் இடத்தில் நாய் இருக்கும்தான். ஆனால் அது நரிக்கும் திருடனுக்கும் காவல். ஆட்டை மடக்குவது கீதாரியின் குரலும் கையில் இருக்கும் கம்பும்.

மேய்ப்பு நாய் அந்தக் கம்பின் வேலையைச் செய்கிறது. சிதறும் ஆட்டை வளைத்து, மேய்ப்பவர் சொல்லும் இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஓநாய் வேட்டையாடும்போது முறைக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். அந்த வரிசையில் கடைசிப் பகுதியை மழுக்கி, முன்பகுதியைப் பல தலைமுறையாகத் தீட்டி எடுத்தால் கிடைப்பது இந்த நாய். கீழே உள்ள பாதிப் பதில்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

"எந்தெந்த இனம் இருக்கு? எங்க வீட்டுக்கு எது சரிப்படும்?"

நம் அப்பா காலத்தில் 'அல்சேஷன்' என்று சொன்ன ஜெர்மன் ஷெப்பர்டும் மேய்ப்பு நாய்தான். 1899இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்கு உருக்கொடுக்கத் தொடங்கினார். போலீஸ் நாயானது பிற்பாடு. எந்த டாக்டருக்கும் பழக்கமான நாய் என்பது இதன் பெரிய வசதி. பெரியதாக வளரும், முடி கொட்டும், இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். முதுகு சறுக்குமரம் மாதிரி பின்னால் சரிந்திருந்தால் அழகு என்று ஏமாறவும் வேண்டாம்.

பார்டர் கோலி, இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து நாய். நாயில் மகா புத்திசாலி என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அதே காரணத்துக்காகத்தான் பத்தில் எட்டுப் பேரிடம் நான் வேண்டாம் என்கிறேன். நீள முடி ரஃப் கோலியைச் சின்னதாக்கியது போல இருக்கும் ஷெட்லாண்ட் ஷீப்டாக் ஃபிளாட்டுக்கு அளவான நாய், ஆனால் வாய் ஓயாமல் குரைக்கும். கார்கி குட்டைக்கால் நாய், வேல்ஸில் மாடு ஓட்டியது. மாடு உதைத்தால் தலைக்கு மேலே போய்விடும் உயரம். சோறு கண்டால் விடாது, குண்டாகிவிட்டால் அந்த நீள முதுகு தாங்காது. பெல்ஜியன் மாலினாய்ஸைப் படையில் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரே வார்த்தை: அங்கே அதற்கு முழுநேர ஆள் உண்டு, உங்கள் வீட்டில் இல்லை.

முதல் முறை நாய் வளர்க்கும் குடும்பம் என்றால், நல்ல வளர்ப்பாளரிடம் வாங்கிய பெண் ஜெர்மன் ஷெப்பர்ட் அல்லது ஷெட்லாண்ட். இது என் கணிப்பு.

"இவ்ளோ முடி வெச்சுக்கிட்டு சென்னை வெயில்ல எப்படி இருக்கும்? பாவம் இல்லையா?"

சங்கடம் வெயிலைவிடப் புழுக்கத்தில்தான். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அது சரியாக நடப்பதில்லை. முப்பத்தைந்து டிகிரியிலேயே, மாலை நாலு மணிக்கு, நாய் திணறும்.

எங்கள் வழி இது: காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிடும். மாலையில் எட்டுக்கு முன்னால் இறங்குவதில்லை. கத்திரி நாட்களில் எட்டு மணிக்கும் தார் ரோடு சுடும். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. பகலில் ஃபேன், ஈரத் துண்டு, குளிர்ந்த தரை. பகல் முழுக்க ஏசி போட வசதி இல்லாவிட்டாலும் மதியம் இரண்டு மூன்று மணி நேரமாவது போடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டி யோசித்து வையுங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து, 106 என்றால் உயிர்ப் போராட்டம். ஈறு செங்கல் நிறமாகும், எச்சில் கெட்டியாக வடியும், நடை தள்ளாடும். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனுக்கு அடியில் வைத்து, ஈரத்தோடே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள்.

"அப்போ கோடைக்கு மொட்டை அடிச்சு விட்டுடலாமே?"

வேண்டாம். இவற்றுக்கு இரட்டை ரோமம். மேலே நீள முடி, உள்ளே பஞ்சு மாதிரி அடிமுடி. மேல் முடி வெயில் தோலில் நேராக அடிக்காமல் தடுக்கும். வழித்துவிட்டால் தோல் காயும். சில நாய்களுக்கு முடி திரும்ப ஒழுங்காக வளரவே வளராது. செய்ய வேண்டியது அடிமுடியைச் சீவி எடுப்பது. வாரம் மூன்று நாள், முடி உதிரும் பருவத்தில் தினமும். எங்கள் வீட்டில் பழைய நியூஸ்பேப்பரை விரித்துச் சீவினால் ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு வரும். கருப்புப் புடவை கட்டிய அத்தைகள் எங்கள் சோபாவில் உட்காருவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே முடி வேறு தொல்லை. நனைந்த அடிமுடி காயாமல் இருந்தால் தோலில் புண் வரும், பூஞ்சை வரும். மழையில் போய்வந்தால் துண்டால் ஒற்றி, வேர்வரை காயவையுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும் என்பதால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி தவறக் கூடாது.

"எங்களுது ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். தோட்டம் இல்ல. வளர்க்க முடியுமா?"

முடியும். தோட்டம் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நாயைத் தோட்டத்தில் விட்டால் அது தானாக ஓடி விளையாடிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அது கேட்டருகே உட்கார்ந்து தெருவில் போகும் ஒவ்வொரு பைக்கையும் மேய்க்கப் பழகிக்கொள்ளும். எத்தனை சதுர அடி என்று பார்க்காதீர்கள், உங்களிடம் தினம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள். பார்டர் கோலிக்கு நடை, பயிற்சி, விளையாட்டு எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

ஃபிளாட்டில் நான் கவனிக்கச் சொல்வது தரையை. டைல்ஸும் கிரானைட்டும் வளரும் குட்டிக்கு வழுக்கும், இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. அது ஓடும் வழியில் தேங்காய்நார் மிதியடிகளைப் போடுங்கள்.

"நாங்க ரெண்டு பேரும் ஐடி. காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான். மெய்ட் வருவாங்க, பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் கழித்துவிட்டு வீட்டுக்கு வருபவரிடம், அன்றைய நாள் அப்போதுதான் தொடங்குவது போல ஒரு நாய் காத்திருக்கும். ஆறு மாதம் சமாளிப்பீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் துணை கிடைக்கும், ஆனால் 30 கிலோ ஷெப்பர்ட் இழுத்தால் அவர்களால் பிடிக்க முடியாது. பகல் முழுக்க ஆளில்லாத வீடு என்றால், அமைதியான குணமுள்ள வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். சென்னை வெயில் அதற்குப் பழக்கம், பகலில் தூங்கும்.

"குழந்தைங்க ஓடினா துரத்திட்டுப் போய் குதிகாலைக் கவ்வுது. கடிக்கிற நாயா இது?"

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். முதல் பதிலில் சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். ஓடும் பிள்ளை, சிதறும் ஆடு. கார்கி போன்றவை மாட்டின் குதிகாலைக் கவ்வித்தான் ஓட்டின. உங்கள் மகன் அதற்குக் கன்றுக்குட்டி.

சிட்டுவுக்கு ஒரு வயதாக இருக்கும்போது எங்கள் அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கயிறு என் கையிலிருந்து நழுவியது. அவள் குரைக்கவில்லை, யாரையும் தொடவில்லை. வயிறு தரையில் உரசும்படி தாழ்ந்து, பெரிய வட்டமாக ஒரு ஓட்டம். தூண் பக்கம் ஒதுங்கிய சிறுமியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இரண்டு நிமிஷத்தில் அத்தனை பேரும் வாட்ச்மேன் நாற்காலியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள், வாட்ச்மேனும் சேர்த்து. அப்புறம் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அடுத்து எங்கே ஓட்ட வேண்டும் என்று. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பிள்ளை பயத்தில் அழுதது, அதன் அம்மா என்னைத் திட்டினார். அவர் திட்டியது நியாயம்.

செய்ய வேண்டியது: பிள்ளைகள் ஓடும் இடத்தில் கயிறு இல்லாமல் விடக் கூடாது. நாய் துரத்தினால் கத்தாமல், ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அசையாத ஆட்டில் நாய்க்குச் சுவாரசியம் போய்விடும். அது முறைக்க ஆரம்பிக்கும் அந்த நொடியில், ஓட்டம் தொடங்கும் முன்பே, கூப்பிட்டுத் தின்பண்டம் கொடுங்கள். ஓடத் தொடங்கிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. அடித்தால் பிள்ளைகளைப் பார்த்தாலே அடி விழும் என்று கற்றுக்கொள்ளும், அது இன்னும் மோசம். சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக ஒரே அறையில் விட வேண்டாம், எந்த இனமானாலும்.

பல் பட்டுத் தோல் கிழிந்தால், "நம்ம நாய்தானே, ஊசி போட்டாச்சே" என்று இருக்கக் கூடாது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விறைத்து நின்று உறுமுவது, உணவுக் கிண்ணத்தை நெருங்கினால் பாய்வது எல்லாம் மேய்ப்புக் குணத்தில் சேராது. அதற்குப் பயிற்சியாளரும் டாக்டரும் வேண்டும்.

"வேலை கொடுக்கணும்னு சொல்றீங்க. அதுக்காக ஆடு வாங்க முடியுமா?"

ஆடு வேண்டாம், மூளைக்குத் தீனி போதும். அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் கோலிக்கு அதன் உரிமையாளர், உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி, 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். சிட்டுவுக்கு முப்பது சொச்சம் தெரியும். "பந்து", "கயிறு", "தாத்தா செருப்பு". கடைசியானதைச் சொல்லிக்கொடுத்தது தப்பு, கேட்காமலே கொண்டுவருகிறாள்.

சப்பாத்தித் துண்டுகளை வீட்டில் ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். சாப்பாட்டில் பாதியைக் கிண்ணத்தில் போடாமல் பயிற்சிக்கு வையுங்கள். இருபது நிமிடத் தேடலே அதை நன்றாகக் களைப்பாக்கும். பந்து எறிவதை மட்டும் மணிக்கணக்கில் செய்யாதீர்கள். நாய் அடங்காது, பந்துப் பைத்தியம் பிடிக்கும், கூடவே இன்னும் நல்ல ஓட்டக்காரனாகிவிடும். அப்புறம் அதை யார் களைப்பாக்குவது? சும்மா படுத்திருக்கவும் பழக்க வேண்டும். பாயைக் காட்டி "படு" என்று சொல்லி, கிடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மெல்லப் பாராட்டுவது இந்த நாய்களுக்குக் கடினமான பாடம்.

"இங்கிலீஷ்ல சொன்னாத்தான் கேக்குமாமே?"

தமிழ் நன்றாகவே கேட்கும். சிக்கல் எங்கே என்றால், அப்பா "சிட்" என்பார், அம்மா "உக்காரு" என்பார், பாட்டி "செத்த உக்காரேன்டீ" என்பார். ஒரு செயலுக்கு வீடு முழுக்க ஒரே சொல் என்று முடிவுசெய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

"நாங்க சைவம். தயிர்சாதம் போட்டு வளர்த்தா போதாதா?"

தயிர்சாதம் மட்டும் போட்டால் புரதம் போதாது. முட்டையாவது உண்டென்றால் சமாளிக்கலாம். அதுவும் இல்லையென்றால் சைவத்துக்கென்றே முழுச் சத்தோடு தயாரித்த உணவை டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் கவனிக்காத ஒன்று சாம்பார் சாதம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது, வெந்த கோழி எலும்பும் கூடாது. விசேஷ நாட்களில் வருகிற விருந்தாளிக்கும் இதைச் சொல்லிவையுங்கள், பாசத்தில் ஊட்டிவிடுவது அவர்கள்தான்.

"ஒருத்தர் முப்பத்தஞ்சு நாள் குட்டி தர்றேன்றார். சின்னதுல வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டும்னு சொல்றார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். 2017இன் நாய் இனப்பெருக்க விதிகள்படி இரண்டு மாதம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு கூடப் பிறந்தவற்றோடு புரண்டுதான். கவ்வும் குணமுள்ள இனத்தில் அந்தப் பாடம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் குதிகால் கேள்வியில் பார்த்தீர்கள்.

சிட்டுவுக்கு முன்னால் நாங்களும் ஏமாந்திருக்கிறோம். ஒருவர் பார்க்கிங்கில் வைத்து பிஸ்கட் அட்டைப்பெட்டியிலிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தார். தாயைப் பார்க்க வேண்டும் என்றதற்கு "வெளியூர்ல இருக்கு" என்றார். எட்டாம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டது. தாயைக் காட்டாதவரிடம் வாங்கக் கூடாது என்று அன்று முடிவுசெய்தோம். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் என்றால் நாயின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது, சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ் பரம்பரையைச் சொல்லும். ஆரோக்கியத்துக்கு எக்ஸ்ரேயும் கண் பரிசோதனையும் தனியாகக் கேளுங்கள்.

"நீலக் கண்ணு, பளிங்கு மாதிரி திட்டுத் திட்டா கலர். ரேர்னு கூடக் கேக்கறாங்க. நல்லதா?"

அதற்கு மெர்ல் என்று பெயர். பெற்றோரில் ஒன்று மட்டும் மெர்லாக இருந்து பிறந்த குட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தாயும் தகப்பனும் இரண்டுமே மெர்ல் என்றால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வந்து சேரும். பெரும்பகுதி வெள்ளையாக, காது கேட்காமல், கண் தெரியாமல் பிறக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பெற்றோரையும் பாருங்கள், இரண்டும் திட்டுத் திட்டாக இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

"உண்ணிக்கு எங்க பழைய லாபுக்கு ஊசி போடுவோம். கோலிக்கும் அதே போடலாம்ல?"

இங்கேதான் உயிரே போகக்கூடும். ஐவர்மெக்டின் என்ற மருந்தை உண்ணிக்கும் சொறிக்கும் ஊசியாகப் போடும் வழக்கம் உண்டு. கோலி வகை நாய்கள் பலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு குறை இருக்கும். மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவல் அதனால் வேலை செய்யாது. லாபுக்குப் போடும் அளவு ஊசி போட்டால் தள்ளாட்டம், வலிப்பு, கோமா வரை போகும். ரஃப் கோலியில் ஏறக்குறைய பத்தில் ஏழு நாய்களுக்கும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் பாதிக்கும் இந்தக் குறை உண்டு. பார்டர் கோலியில் குறைவு, ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு உண்டு. மரபணுப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இனத்தைச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் இருக்கும் லோபரமைடு மாத்திரையைக் கொடுப்பதும் இதே ஆபத்து.

அதற்காக உண்ணியை விட்டுவிட முடியாது. சென்னையில் ஆண்டு முழுக்க உண்ணி உண்டு, அது கொண்டுவரும் எர்லிக்கியா, பபேசியா என்ற ரத்த நோய்க் கிருமிகள் நாயைக் கொல்லும். மற்ற உண்ணி மருந்துகளில் பாதுகாப்பானவை இருக்கின்றன. நடைக்குப் பிறகு விரலிடுக்கு, காது மடிப்பு, வால் அடி மூன்றையும் தடவிப் பாருங்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், சிறுநீர் காபி நிறமானால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இரவில் எங்கே போவது என்று யோசிக்கும்போது பலருக்கும் நினைவுக்கு வருவது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903இல் தொடங்கியது. பக்கத்தில் எந்த மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கும் என்பதை நாய் வந்த முதல் வாரமே விசாரித்து வையுங்கள்.

"அசோசியேஷன்ல நாய் கூடாது, லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்க. என்ன பண்றது?"

செல்லப்பிராணியைத் தடைசெய்யவோ லிஃப்டை மறுக்கவோ குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் உங்கள் பக்கம் சுத்தமா என்று பாருங்கள். மாநகராட்சி உரிமம் இருக்கிறதா? அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பொது இடத்தில் கயிறு உண்டா? மலத்தை அள்ளுகிறீர்களா? நாய்க்குப் பயப்படுபவர் லிஃப்டில் இருந்தால் நான் அடுத்த லிஃப்டுக்கு நிற்பேன். சட்டம் கேட்காவிட்டாலும், எதிர்வீட்டு மாமி தீர்மானத்தில் கையெழுத்துப் போடாததற்கு அதுதான் காரணம்.

"தீபாவளி வந்தா கட்டிலுக்கு அடியில போய் நடுங்குது..."

சத்தத்துக்கு அஞ்சுவது இந்த இனங்களில் சகஜம். கட்டிலடியிலிருந்து இழுக்காதீர்கள், அது அதன் குகை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓட விட்டு, பட்டாசு தொடங்கும் முன்பே நடையை முடித்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் கட்டாயம். பயந்து ஓடும் மேய்ப்பு நாய் வெகுதூரம் போய்விடும். நடுக்கம் அதிகம் என்றால் மருந்து உண்டு, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

"ரெண்டு வயசாகுது. சோபாவைக் கிழிக்குது, நாள் பூரா குரைக்குது. யாருக்காவது கொடுத்திடலாமா?"

ஒன்று முதல் மூன்று வயது வரைதான் கடினமான காலம். முதலில் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள்: காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம், நடுவில் மேலே சொன்ன தேடல் விளையாட்டு. பெரம்பூரில் ஒரு நண்பர் சோபாவை மூன்று முறை மாற்றினார், நாயின் நேரத்தை மாற்றியதும் நான்காவது சோபா பிழைத்தது. அதோடு உடம்பில் வலியோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.

அப்படியும் முடியவில்லை என்றால் கொடுப்பதில் வெட்கம் இல்லை. தெருவில் விடுவது மட்டும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஈ.சி.ஆர். பக்கம் யாரோ விட்டுப்போன ஷெப்பர்டுகள் பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொரு காராக எட்டிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய வளர்ப்பாளரிடம் முதலில் கேளுங்கள், நல்லவர் திரும்ப எடுத்துக்கொள்வார். புதிய வீட்டுக்கு இரண்டு மூன்று முறை நீங்களே கூட்டிப் போங்கள். கொடுக்கும் நாளில் அதன் பாய், கிண்ணம், ஊசிப் புத்தகம், அப்புறம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அந்தச் சொல் பட்டியல், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.